கெட்டிலா, ஆஃப்செட்டா, பெல்லட்டா? பேக்யார்டுக்கு ஒரு மலிவான கரியடுப்பு

டெக்சஸில் டல்லஸ் பக்கம் வீடு வாங்கிக் குடிபோன முதல் கோடையில், கடை வாசலில் நிறுத்தியிருந்த ஓர் அடுப்பைப் பார்த்து மயங்கினேன். நீளமான கறுப்பு உருளை, பக்கவாட்டில் நெருப்புப் பெட்டி, மறுமுனையில் புகைபோக்கி. பழைய நீராவி ரயில் எஞ்சினைச் சின்னதாகச் செய்து வைத்த மாதிரி இருந்தது. விலை 230 டாலர். இந்த ஊரில் இதை ஆஃப்செட் ஸ்மோக்கர் என்பார்கள். வாங்கிய வாரமே பன்னிரண்டு பேரைச் சாப்பிடக் கூப்பிட்டு, மதியம் இரண்டு மணிக்குப் பற்றவைத்தேன். இரவு எட்டு மணிக்கும் கோழித்தொடையில் எலும்பையொட்டிச் சிவப்பு மாறவில்லை, தோலோ ரப்பர். மனைவி தட்டோடு எடுத்துப்போய் ஓவனில் வைத்து ஒப்பேற்றினாள். வந்தவர்கள் அதற்குள் தயிர்சாதத்தில் வயிற்றை நிரப்பியிருந்தார்கள்.

மறுநாள் போனில் அம்மாவிடம் புலம்பினேன். "வாங்கின வாரமே விருந்தா? புது தோசைக்கல்லுல முதல் தோசையை எவனாவது விருந்தாளிக்குப் போடுவானாடா?" என்றாள். சரிதான். ஆனால் அந்த அடுப்பு எவ்வளவு பழக்கினாலும் எங்கள் வீட்டுச் சமையலுக்கு வந்திருக்காது என்பது புரிய எனக்கு இன்னும் ஒரு வருஷம் ஆனது.

அதன்பின் கெட்டில் என்கிற உருண்டை மூடிக் கரியடுப்பு, மரத்தூள் குச்சியில் எரிகிற பெல்லட் அடுப்பு, நண்பர் வீட்டு டிரம் (பீப்பாய் அடுப்பு), மைத்துனர் வீட்டு கேஸ் கிரில் எல்லாவற்றிலும் கைவைத்துவிட்டேன். 400 டாலருக்குள் எதை வாங்கலாம் என்று யாராவது கேட்டால் என் பதில் பெரும்பாலும் ஒன்றுதான்: 22 அங்குலக் கெட்டில். அந்தப் 'பெரும்பாலும்' என்ற சொல்லுக்குள் கொஞ்சம் கணக்கு இருக்கிறது.

என்ன சுடப்போகிறீர்கள்?

கிரில் என்றால் நேர் நெருப்பு. 400, 500 டிகிரி பாரன்ஹீட்டில் நிமிஷக் கணக்கில் முடிகிற வேலை. ஸ்மோக்கர் என்றால் 225 முதல் 275 டிகிரிக்குள் (செல்சியஸில் 107 முதல் 135), நெருப்பு நேரே படாமல், மரப்புகையில் மணிக்கணக்காக வேகவைப்பது. கடினமான தசையில் இருக்கிற கொலாஜன் என்ற நார்ப்பொருள் மெல்ல இளகி ஜெலட்டினாக அந்த நேரம் தேவை. மாட்டின் நெஞ்சுக்கறியான பிரிஸ்கெட்டும் பன்றித் தோளும் ஸ்மோக்கருக்கென்றே பிறந்தவை. உள்வெப்பம் 200 டிகிரியை நெருங்கினால்தான் அவை குழையும். முழு பிரிஸ்கெட் என்றால் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் சாதாரணம். நடுவில் 150, 160 டிகிரியில் வியர்த்துக்கொண்டு மணிக்கணக்காக முள் நகராமல் நிற்கிற சோதனையும் உண்டு.

நம் வீடுகளில் கூடுகிற கூட்டத்தை நினைத்துப் பாருங்கள். மாடு தொடாதவர் சிலர், பன்றி தொடாதவர் சிலர், வெள்ளிக்கிழமை எதையுமே தொடாதவர் சிலர். எல்லாருக்கும் பொதுவாக மிஞ்சுவது கோழித்தொடை, ஆட்டுச் சாப்ஸ், மீன், பனீர், சோளக்கதிர், கத்தரிக்காய். இவற்றில் ஒன்றுகூடப் பன்னிரண்டு மணி நேரப் புகை கேட்பதில்லை. கோழி கேட்பது நேர்மாறு. 225 டிகிரியில் வைத்தால் தோலின் கொழுப்பு உருகாமல் சவ்வாக நிற்கும். 350க்கு மேல் போனால்தான் மொறுமொறுக்கும். என் முதல் விருந்து சொதப்பியதில் இதற்கும் பங்குண்டு.

ஆட்டுத் தோள் மட்டும் விதிவிலக்கு. ஹலால் கடையிலோ மெக்சிகன் கடையிலோ எலும்போடு வாங்கி, மிளகும் சீரகமும் உப்பும் தடவி, 250 டிகிரியில் மூன்று மணி நேரம் புகை காட்டி, பிறகு கொஞ்சம் எலும்புச் சாற்றோடு அலுமினியத் தாளில் சுற்றி இன்னும் இரண்டு மணி நேரம் விட வேண்டும். ஆட்டில் கொழுப்பு குறைவு. சுற்றாமல் விட்டால் காய்ந்து கட்டையாகிவிடும். இதை நான் வருஷத்துக்கு நாலு தடவை செய்கிறேன். கோழி அநேகமாக வாராவாரம். நாலு தடவைக்கான அடுப்பையா முதலில் வாங்குவது, ஐம்பது தடவைக்கானதையா? முதலில் நல்ல கிரில் வேண்டும். அதுவே தேவைப்படும்போது ஸ்மோக்கராக வேஷம் கட்டினால் லாபம்.

அந்த ரயில் எஞ்சின்

ஆஃப்செட்டின் மேல் டெக்சஸ்காரர்களுக்கு இருக்கும் பக்தி வெறும் பகட்டு அல்ல. இங்கே லாக்ஹார்ட் என்றொரு சிற்றூர் இருக்கிறது. மாநில சட்டமன்றமே 1999இல் அதை டெக்சஸின் பார்பிக்யூ தலைநகர் என்று அறிவித்தது. மத்திய டெக்சஸில் குடியேறிய ஜெர்மானிய, செக் கசாப்புக்காரர்கள் கறிக்கடைகளிலேயே புகைபோட்டு விற்ற வழக்கத்திலிருந்து வந்த மரபு அது. போஸ்ட் ஓக் என்ற ஒருவகை ஓக் விறகுதான் அதன் உயிர். வீட்டுக் கொல்லைக்கு வந்த ஆஃப்செட்டோ வெல்டர்களின் கைவேலை. எண்ணெய் வயல்களில் மீந்த குழாய்களையும் பழைய புரொப்பேன் தொட்டிகளையும் வெட்டி ஒட்டிச் செய்தார்கள். கால் அங்குலக் கனமுள்ள இரும்பு, அதாவது 6 மில்லிமீட்டர். ஒருமுறை சூடேறிவிட்டால் காற்றடித்தாலும் தூறல் போட்டாலும் அது அசராது.

கடையில் 200, 300 டாலருக்கு நிற்பதில் வடிவம் இருக்கிறது, கனம் இல்லை. 2 மில்லிமீட்டர் தகடு இருந்தால் பெரிய விஷயம். மூடியை ஒற்றை விரலால் தூக்க முடிகிறதா என்று பாருங்கள். முடிந்தால் அப்படியே வைத்துவிட்டு நகருங்கள். மெல்லிய தகடு சூட்டை வாங்கிய வேகத்தில் வெளியே விடும். நெருப்புப் பெட்டியும் சின்னது. இரண்டு விறகு வைத்தால் 375க்கு எகிறும், ஒன்றை எடுத்தால் எரியாமல் புகைந்து மூச்சுமுட்டும். மூடி விளிம்பெல்லாம் கசியும். என் அடுப்பில் நெருப்புப் பக்கத்துக்கும் புகைபோக்கிப் பக்கத்துக்கும் 75 டிகிரி வித்தியாசம், நானே அளந்தது. அரை மணிக்கு ஒரு தடவை விறகு போட எழுந்தாக வேண்டும். கைக்குழந்தை வளர்த்தவர்களுக்கு அந்தத் தூக்கம் தெரியும்.

சரிசெய்ய முடியாதா என்றால், முடியும். மூடி விளிம்புக்கு சூடு தாங்கும் நார்க்கயிறு ஒட்டினேன். புகைபோக்கியின் வாயை உள்ளுக்குள்ளேயே கம்பித்தட்டு மட்டத்துக்கு இறக்கினேன். நெருப்புப் பெட்டிக்கும் கறிக்கும் நடுவே இரும்புத் தகடுகள் பரப்பினேன். எல்லாம் சேர்த்து 90 டாலர். அடுப்பு தேறியது, ஆனால் 320 டாலர் செலவழித்து பாஸ்மார்க் வாங்கிய கதைதான். விறகுப் பக்கத்தில் நாள்முழுக்க உட்கார்ந்திருப்பதே சுகம் என்பவர்கள் இருக்கிறார்கள். பக்கத்து வீட்டுப் பெரியவர் அப்படித்தான். சனிக்கிழமை விடியற்காலை ஐந்து மணிக்கு அவர் வேலியோரம் புகை எழும்பும். அப்படிப்பட்டவர் நீங்கள் என்றால் புதுத் தகரத்தை விட்டுவிட்டு, யாரோ ஒரு வெல்டர் பதினைந்து வருஷத்துக்கு முன் செய்து கொல்லையில் கிடக்கிற கனத்த பழைய அடுப்பைத் தேடுங்கள். விலைக்கு வரும். தூக்கி வர நாலு பேரும் ஒரு டிரக்கும் வேண்டும்.

கெட்டில்

1952இல் சிகாகோ அருகே வெபர் பிரதர்ஸ் மெட்டல் ஒர்க்ஸ் என்ற உலோகப் பட்டறையில் ஜார்ஜ் ஸ்டீபன் என்பவர் வேலை பார்த்தார். கப்பல்களுக்கு வழிகாட்டத் தண்ணீரில் மிதக்கவிடும் மிதவைகளை அங்கே செய்வார்கள். காற்றும் மழையும் தன் திறந்த அடுப்பைப் பாழாக்குவதில் வெறுத்துப்போனவர், அந்த மிதவைக் கோளத்தை இரண்டாகப் பிளந்து, கீழ்ப்பாதிக்குக் காலும் மேல்பாதிக்குப் பிடியும் வைத்தார். இன்றைக்கும் கெட்டில் அதேதான். கீழே காற்றுத் துவாரம், மூடியில் ஒரு துவாரம். காற்றுக்கு எவ்வளவு வழி விடுகிறோமோ அவ்வளவு சூடு. வேறு சூட்சுமம் எதுவும் இல்லை.

22 அங்குல வெபர் கெட்டிலின் சாதாரண மாதிரிகள் சுமார் 150 முதல் 220 டாலர் வரை வரும். சட்டியும் மூடியும் எனாமல் பூசிய எஃகு. துருப்பிடிக்காது, கீழே போட்டு உடைக்காமல் இருந்தால் இருபது வருஷம் உழைக்கும். அதனால்தான் பழையதை வாங்கவும் தயங்க வேண்டாம் என்கிறேன். வீடு மாறிப் போகிறவர்கள் 40, 50 டாலருக்குத் தள்ளிவிடுவார்கள். மூடித் துவாரத் தகட்டில் ஓர் எழுத்துக் குறியீடு இருக்கும். அதை வைத்துத் தயாரித்த வருஷத்தைக் கண்டுபிடிக்கலாம். எனாமல் பொரிந்து உள்ளே துரு தெரிகிறதா, மூடி வாயோடு உட்காருகிறதா என்று மட்டும் பாருங்கள். கம்பித்தட்டு துருப்பிடித்திருந்தால் பரவாயில்லை, புதிது தனியாகக் கிடைக்கும். இதே உருவத்தில் 80 டாலருக்குக் கீழேயும் கெட்டில்கள் விற்கின்றன. மூடி சரியாக உட்காராத கெட்டிலில் காற்றைக் கட்டுப்படுத்த முடியாது, அதனால் அந்த மிச்சம் மிச்சமல்ல.

கரியை ஒரு பாதியில் குவித்து மறுபாதியைக் காலியாக விடுங்கள். காலிப் பக்கத்தில் கோழித்தொடையை வைத்து மூடினால் ஓவன் மாதிரி சுற்றிச் சூடேறும். முப்பத்தைந்து, நாற்பது நிமிஷம் கழித்துத் தணலுக்கு மேலே நகர்த்தினால் தோல் பொரியும். தயிரும் மிளகாய்த்தூளும் தடவிய கோழிக்கு இது கட்டாயம். நேரே நெருப்பில் போட்டால் மசாலா கருகி உள்ளே வேகாது.

அதே சட்டி ஸ்மோக்கராகும் விதம் இன்னும் அழகு. சட்டியின் உள்சுவரை ஒட்டிக் கரிக்கட்டிகளை இரண்டு வரிசை, இரண்டு அடுக்காக, முக்கால் வட்டத்துக்குப் பாம்பு மாதிரி வளைத்து அடுக்குவது. மேலே நாலைந்து இடத்தில் கைப்பிடியளவு மரக்கட்டைகள். ஒரு முனையில் மட்டும் எட்டுப் பத்துக் கங்குகளை வைத்தால் ஊதுவத்தி எரிவதுபோல மெல்ல நகர்ந்துகொண்டே போகும். 225, 250 டிகிரியில் ஆறேழு மணி நேரம் தாராளமாக நிற்கும். ஆட்டுத் தோளுக்கு அது போதும், மிஞ்சும்.

குறை இல்லாமல் இல்லை. புகை போடும்போது பாதித் தட்டுதான் நமக்கு. இருபது பேருக்கு என்றால் இரண்டு ஈடு. பன்னிரண்டு மணி நேர வேலை என்றால் நடுவில் கரி சேர்க்கத் தட்டைத் தூக்க வேண்டும். சைவம் சாப்பிடுகிறவர்களுக்குத் தனித் தட்டு வாங்கி வைத்திருக்கிறோம். கத்தரிக்காயும் பனீரும் முதல் தணலில் ஏறி இறங்கிய பிறகுதான் கோழி. இந்த வரிசை ஒன்றைக் கடைப்பிடித்தால் வீட்டில் சண்டை இல்லை.

பெல்லட்

மரத்தூளை அழுத்திச் செய்த சிறு குச்சிகள் ஒரு தொட்டியில் இருக்கும். மோட்டார் திருகு அவற்றை நெருப்புக் குழிக்குத் தள்ளும், விசிறி ஊதும், கணினிப் பலகை சூட்டைப் பார்த்துக்கொள்ளும். ஓரிகனைச் சேர்ந்த ஜோ ட்ரேகர் 1986இல் இதற்குக் காப்புரிமை பெற்றார்; 2006இல் அது காலாவதியான பிறகுதான் போட்டி வந்து விலை இறங்கியது. இப்போது 350, 400 டாலருக்கே சின்ன பெல்லட் அடுப்பு கிடைக்கிறது.

ஒரு பெல்லட் அடுப்பை இரண்டு வருஷம் வைத்திருந்தேன். 250 என்று திருகிவிட்டு மகளை நீச்சல் வகுப்புக்குக் கூட்டிப்போய் வரலாம். சின்னக் குழந்தைகள் இருக்கிற, ஆனால் புகைக்கறி மேல் ஆசையும் இருக்கிற வீட்டுக்கு இதைவிட நிம்மதி கிடையாது. புகை மணம் மட்டும் மிதம்; கரியில் செய்ததையும் இதில் செய்ததையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் யாரும் கண்டுபிடித்துவிடுவார்கள். மலிவான மாதிரிகளில் நேர் நெருப்பு ஏறக்குறைய இல்லை, சாப்ஸுக்குச் சுட்ட கோடு விழாது. மழைக்காலத்தில் தொட்டியில் குச்சிகளை விட்டுவைத்தேன். ஈரம் இழுத்து மரத்தூள் களியாகித் திருகை இறுக்கிக்கொண்டது. அரை நாள் கரண்டியால் சுரண்டினேன். தப்பு என்னுடையதுதான், புத்தகத்தில் எழுதியிருந்தது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2021 பிப்ரவரிப் பனிப்புயலில் டெக்சஸில் மின்சாரம் போனபோது பெல்லட் அடுப்பு வெறும் இரும்புப் பெட்டி. கொல்லையில் பனிக்கு நடுவே கெட்டிலில்தான் பால் காய்ச்சினோம். கொல்லையில் என்பதை அழுத்திச் சொல்கிறேன். அந்த வாரம் குளிர் தாங்காமல் கரியடுப்பை வீட்டுக்குள் கொண்டுபோய்க் கார்பன் மோனாக்சைடில் மாட்டிக்கொண்ட குடும்பங்கள் உண்டு. கதவு திறந்த கராஜும் இதற்கு வீட்டுக்குள்தான்.

மற்றவை, சுருக்கமாக

கேஸ் கிரில்: மைத்துனர் அலுவலகம் முடிந்து வந்து பதினைந்தாவது நிமிஷம் மீனைத் தட்டில் போடுவார். அந்த வசதியை நான் பழிக்க மாட்டேன். மணம் வாயுவால் வருவதல்ல, சொட்டுகிற கொழுப்பு கீழே தகட்டில் பட்டுப் புகைவதால் வருவது. 200 டாலருக்குள் வாங்கினால் பர்னர் குழாய் மூன்று நாலு கோடையில் துருப்பிடித்து ஓட்டையாகும் என்று எதிர்பார்த்தே வாங்குங்கள்.

டிரம்: 55 கேலன் எஃகுப் பீப்பாயில் கீழே கரிக்கூடை, மேலே கம்பித்தட்டு அல்லது கொக்கி. கரிக்கும் கறிக்கும் இரண்டடி இடைவெளி. கொழுப்பு நேரே தணலில் சொட்டிப் புகையாக எழும்புவதால் கோழிக்கு இதை அடிக்க ஆளில்லை என்று சத்தியம் செய்வேன். கைவேலை தெரிந்தவர் 150 டாலருக்குள் செய்துவிடலாம். உள்பூச்சு இல்லாத, உணவுப்பொருள் வைத்த பீப்பாயாக இருக்க வேண்டும். துத்தநாகம் பூசிய கம்பியோ தகடோ உள்ளே வரக்கூடாது. சூட்டில் அதன் புகை விஷம்.

வெபரின் ஸ்மோக்கி மவுண்டன் என்கிற நெட்டையான கரி ஸ்மோக்கர், 18 அங்குலம், பட்ஜெட்டின் விளிம்பில் நிற்கிறது. மாதமிருமுறை பன்றித் தோளோ பிரிஸ்கெட்டோ போடுகிற வீடு என்றால் கெட்டிலை விட்டுவிட்டு இதற்குப் போங்கள், மற்றவர்களுக்கு வேண்டாம். எஃகில் செய்த கமாடோக்கள் (முட்டை வடிவ மூடியடுப்புகள்) 350, 400 டாலரில் வருகின்றன. தந்தூர் அடுப்பு மாதிரி சூட்டைப் பிடித்துக்கொள்ளும், கரி மிகக் குறைவு. ஆனால் ஒருமுறை 300ஐத் தாண்டிவிட்டால் கீழே இறக்குவதற்குள் பொழுது போய்விடும். மின்சாரப் பெட்டி ஸ்மோக்கர்கள் பெரும்பாலும் 275 டிகிரியோடு நின்றுவிடுகின்றன. மீனுக்கு அருமை, கோழிக்கு அதே ரப்பர் தோல்.

அபார்ட்மெண்ட்டில் இருப்பவர்கள் இதையெல்லாம் படிப்பதற்கு முன் வாடகை ஒப்பந்தத்தைப் படியுங்கள். அமெரிக்க நகரங்கள் பலவும் பின்பற்றும் தீயணைப்பு விதிப்படி, எரியக்கூடிய பால்கனியிலும், எரியக்கூடிய கட்டுமானத்திலிருந்து 10 அடிக்குள்ளும் கரியடுப்பு மூட்டக்கூடாது. தனி வீடுகளுக்கு விலக்கு உண்டு. விலக்கு இருந்தாலும் வினைல் தகடு போர்த்திய சுவரை ஒட்டி அடுப்பை வைத்தால் சுவர் உருகும். எங்கள் தெருவில் ஒரு வீட்டில் அந்த அலை அலையான தழும்பு இருக்கிறது.

பழக்குவது

அம்மா தோசைக்கல்லைப் பழக்கும்போது முதலில் வடிகஞ்சியில் ஊறப்போட்டுத் தேய்ப்பாள். பிறகு எண்ணெய் தடவிச் சூடேற்றி, அரை வெங்காயத்தால் தேய்த்து, மறுபடி எண்ணெய். நடப்பது என்னவென்றால் மெல்லிய எண்ணெய்ப் படலம் சூட்டில் இறுகி, இரும்போடு ஒட்டிய தோலாகிறது. அடுப்பிலும் அதே வேலைதான், ஆனால் எல்லா அடுப்புக்கும் அல்ல. இங்கேதான் பலர் குழம்புகிறார்கள்.

ஆஃப்செட், டிரம் மாதிரி வெற்று இரும்பு உள்ளவற்றுக்கு முழுச் சடங்கும் வேண்டும். தொழிற்சாலையில் துருப்பிடிக்காமல் இருக்கத் தடவிய எண்ணெயைச் சோப்பும் வெந்நீரும் விட்டுக் கழுவுங்கள். காய்ந்ததும் உள்பக்கம் முழுக்கச் சமையல் எண்ணெயைத் துணியால் தேயுங்கள். வழியக்கூடாது, தடவிய பிறகு இன்னொரு துணியால் துடைத்தெடுத்த மாதிரி இருக்க வேண்டும். அதிகம் தடவினால் இறுகாமல் பிசுபிசுவென்று நிற்கும், தோசைக்கல்லில் நடப்பதுதான். பிறகு 250, 275 டிகிரியில் இரண்டு மூன்று மணி நேரம், கொஞ்சம் விறகுப் புகையோடு. ஆறியதும் இன்னொரு படலம். நெருப்புப் பெட்டியின் வெளிப் பெயின்ட் எப்படியும் உரியும். உரிந்த இடத்தில் சூடாக இருக்கும்போதே எண்ணெய்த் துணியால் ஒரு துடைப்பு. உள்பூச்சு உள்ள பழைய பீப்பாய்தான் கிடைத்தது என்றால் எண்ணெய்க்கு முன்னால் பெரிய விறகு நெருப்பு மூட்டி அதை முழுக்க எரித்து, வெற்று இரும்பு தெரியச் சுரண்ட வேண்டும்.

கெட்டிலுக்கு இதெல்லாம் தேவையில்லை. எனாமல் கண்ணாடி மாதிரி. எண்ணெய் தடவினால் ஒழுகிக் கருகும், அவ்வளவுதான். தட்டைக் கழுவுங்கள். சிம்னி ஸ்டார்ட்டர் என்ற தகரக் குவளை நிறையக் கரியை எரியவிட்டுச் சட்டியில் கொட்டி, எல்லாத் துவாரங்களையும் திறந்து, மூடி போட்டு முக்கால் மணி நேரம் வெறுமனே எரியவிடுங்கள். புது அடுப்பின் தொழிற்சாலை நாற்றம் போய்விடும். கரியைப் பற்றவைக்க விற்கிற திரவத்தைத் தொடாதீர்கள். கீழே இரண்டு செய்தித்தாள் போதும், பதினைந்து இருபது நிமிஷத்தில் கங்காகும்.

ஸ்மோக்கி மவுண்டன் புதிதில் நம்மைப் பயமுறுத்தும். உள்சுவர் பளபளப்பாக இருப்பதால் 225 கேட்டால் 275 தரும். நாலைந்து தடவை கொழுப்பும் புகையும் படிந்ததும் தானாக அடங்கும். அதுவரை கங்குகளைக் குறைவாக வைத்து ஆரம்பியுங்கள். பெல்லட்டில் முதலில் திருகு நிறையக் குச்சி ஏற வேண்டும், பிறகு 350இல் கொஞ்ச நேரம், உச்சச் சூட்டில் அரை மணி. மின்சாரப் பெட்டியை 275இல் மூன்று மணி நேரம் காலியாக ஓட்டி, கடைசி முக்கால் மணியில் மரச்சில்லு போடுவது வழக்கம். கேஸ் கிரிலுக்குச் சூடேற்றுவதைவிட முக்கியம், இணைப்புகளில் சோப்பு நுரை தடவிக் குமிழி வருகிறதா என்று பார்ப்பது.

இரும்பு ஒரே நாளில் பழகிவிடும், நமக்குத்தான் நாளாகும். மூடியில் பதித்திருக்கும் வெப்பமானியை நம்பாதீர்கள். கறி இருக்கும் உயரத்தில் என்ன சூடு என்று அதற்குத் தெரியாது. இரண்டு கம்பிகள் உள்ள டிஜிட்டல் வெப்பமானி 30, 40 டாலர். ஒரு கம்பி தட்டு மட்டத்துக்கு, இன்னொன்று கறிக்குள். கொதிக்கும் தண்ணீரில் விட்டு 212 காட்டுகிறதா என்று சோதித்துக்கொள்ளுங்கள். அமெரிக்க வேளாண் துறை கோழிக்குச் சொல்லும் அளவு 165 டிகிரி (74 செல்சியஸ்). தொடைக்கு நான் 180 வரை விடுவேன். அதற்கப்புறம்தான் எலும்பை விட்டுக் கழலும்.

முதல் நெருப்பைக் கறி இல்லாமல் செலவழியுங்கள். கீழ்த் துவாரம் முழுக்கத் திறந்தால் எவ்வளவு, பாதி என்றால் எவ்வளவு, கால் என்றால் எவ்வளவு என்று கால் மணிக்கொரு தடவை குறித்துவைத்தேன். அந்தத் தாள் இன்னும் கராஜ் சுவரில் இருக்கிறது. சமைக்கும்போது மேல் துவாரத்தை எப்போதும் திறந்தே வையுங்கள், கட்டுப்பாடு கீழே. எந்த இடத்தில் சூடு அதிகம் என்று பார்க்க இங்கே பிஸ்கட் மாவைத் தட்டெங்கும் பரப்பிச் சோதிப்பார்கள். நாங்கள் அப்பளத்தைப் பரப்பினோம். எது முதலில் பொரிகிறது, எது கருகுகிறது என்று பிள்ளைகள் கத்திக் கத்திச் சொன்னார்கள். கருகாத அப்பளமெல்லாம் நெருப்பு அணைவதற்கு முன்பே காலி.

இரண்டாவது நெருப்பில் கோழித்தொடை. விலை குறைவு, தப்பு செய்தாலும் மன்னிக்கும், சொட்டுகிற கொழுப்பு அடுப்பையும் பழக்கும். மூன்றாவதில் அந்தப் பாம்பு அடுக்கு. அப்போது புகையின் நிறத்தைப் பாருங்கள். வெள்ளையாகக் குபுகுபுவென்று வந்தால் கட்டை சரியாக எரியவில்லை. அந்தப் புகையில் வைத்த கறி கசக்கும், நாக்கு மரத்துப்போகும். கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் இளநீலமாக ஓடுகிற புகை வந்த பிறகுதான் கறியை ஏற்றுவது. பைன் மாதிரி பிசின் மரங்களும், பெயின்ட் அடித்த பலகையும் வேண்டாம். ஓக், ஹிக்கரி, பீக்கன், ஆப்பிள் எதுவும் நல்லது. மெஸ்கீட் காரம், நம்ம ஊர்ச் சீமைக்கருவேலத்தின் உறவுதான், கொஞ்சமாகப் போடுங்கள்.

விருந்து ஐந்தாவது ஆறாவது நெருப்புக்குப் பிறகு. நான் சொல்லவில்லை, அம்மா சொன்னது. அவள் வந்திருந்தபோது ஒரு சனிக்கிழமை மாலை அடங்கிப்போன தணலில் மூன்று பெரிய கத்தரிக்காய்களைப் போட்டுப் புரட்டிக்கொண்டிருந்தாள். "கேஸ் அடுப்புல சுட்டா இந்த வாசனை வருமா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் தோலை உரித்து, புளியும் பச்சைமிளகாயும் போட்டுப் பிசைந்தாள். எனக்கு ஒரு கரண்டிதான் மிஞ்சியது.

சமைத்து முடித்ததும் மூடியைப் போட்டு மேலும் கீழும் உள்ள துவாரங்களை அடைத்தால் மீதிக் கரி அணைந்து அடுத்த தடவைக்கு ஆகும். சாம்பலை இரண்டு நாள் கழித்து, மூடியுள்ள உலோக வாளியில் கொட்டுங்கள். மறுநாளும் உள்ளே கங்கு கண் விழித்திருக்கும். எஃகுத் தூரிகையால் தட்டைத் தேய்க்காதீர்கள், உதிர்ந்த முடி கறியோடு தொண்டைக்குப் போகும். கசக்கிய அலுமினியத் தாள் உருண்டை போதும், அல்லது நாங்கள் செய்வதுபோல முள்கரண்டியில் குத்திய அரை வெங்காயம்.

மூன்று நாலு மாதம் கழித்து, மூடியின் உள்பக்கம் கறுப்புச் செதில்களாக உரிந்து தொங்குவதைப் பார்த்து எனாமல் போய்விட்டது என்று பதறுவீர்கள். நானும் பதறிக் கடைக்காரருக்கு எழுதினேன். எனாமல் அப்படி உரியாது. அது படிந்து கரியான கொழுப்பும் புகையும். அலுமினியத் தாளைக் கசக்கி ஒரு தேய்ப்பு தேய்த்தால் உதிர்ந்துவிடும்.